அந்த நோட்டில் உனக்கு எத்தனை மார்க்



ஒரு கேள்விக்குப் பதில் எழுத மூணு மாசம் எடுத்துக்கொண்டேன். ஆவணியில் என் பழைய மாணவி ஒருத்தி இன்பாக்ஸில் கேட்டிருந்தாள். "டீச்சரே, ஷட்டில் டீமுக்கு ஆள் எடுக்க ஒரு நீல அட்டை நோட்டு வச்சிருப்பீங்கல்லா, அதுல எனக்கு எத்தனை மார்க் போட்டீங்க?" பின்னால் ஒரு சிரிக்கிற பொம்மை. முப்பது வருஷம் மனசில் கிடந்த கேள்வியை ஒரு சிரிப்புப் பொம்மையோடு கேட்டுவிட்டாள். அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதலாமா என்று கேட்டதற்கு, "பேரு வேண்டாம், மத்ததெல்லாம் எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நோட்டைத் தேடி எடுத்தேன். பரண்மேல், பழைய கொஸ்டின் பேப்பர் கட்டுக்கு நடுவில் இருந்தது. ஓரம் கரையான் அரித்திருந்தாலும் மார்க் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

கணக்கு டீச்சர் எப்படி ஷட்டில் டீமுக்குப் பொறுப்பானாள் என்று புதுசாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. நாகர்கோவிலில் காலேஜ் படிக்கும்போது நான் பூப்பந்து ஆடினவள். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு அஞ்சு பேர், 12 மீட்டருக்கு 24 மீட்டர் கோர்ட். தஞ்சாவூரில் பிறந்த விளையாட்டு என்பார்கள். அந்தக் காலத்தில் நம்ம ஊர்ப்பக்கம் சாயங்காலம் ரெண்டு தென்னைக்கு நடுவில் வலை கட்டாத விளை குறைவு. 1986இல் வேலைக்கு வந்ததும் ஹெட்மிஸ்டிரஸ், "நீங்க பேட்மிண்டன்தானே, ஷட்டிலையும் பாத்துக்கிடுங்க" என்று ஒப்படைத்துவிட்டார். ரெண்டும் ஒன்றில்லை. பூப்பந்து மட்டை கனம். தோளும் முழங்கையும் சேர்ந்து வீச வேண்டும். ஷட்டில் ராக்கெட் லேசு, வேலை மணிக்கட்டுக்கும் விரலுக்கும். ஷட்டில் எடையே 5 கிராம் சுற்றித்தான், 16 இறகு. அடித்த வேகத்தில் கிளம்பிப் பாதி வழியில் மூச்சு வாங்கி விழும். அந்த விழுகை புரிய எனக்கே ரெண்டு வருஷம் ஆனது. பிள்ளைகளோடு சேர்ந்துதான் நானும் கற்றேன்.

ஆள் எடுப்பதில் பாரபட்சம் என்று பேச்சு வரக் கூடாதே என்றுதான் நோட்டு போட்டேன். கணக்கு டீச்சர் புத்தி! 11 கட்டம், கட்டத்துக்கு 10 மார்க், மொத்தம் 110. கிரிப், ஷார்ட் சர்வீஸ், லாங் சர்வீஸ், டாஸ், டிராப், ஸ்மாஷ், டிரைவ், நெட், பேக்ஹேண்ட், இடது கை, உயரம். 'இடது கை' என்றால், தலைக்கு மேலே அடிக்கும்போது மட்டை பிடிக்காத கை உயர்ந்து ஷட்டிலைச் சுட்டி நிற்கிறதா என்று பார்ப்பது. அது நின்றால் உடம்பு திரும்பும், சமநிலை வரும். ஒவ்வொரு பிள்ளையையும் நடுவில் நிற்க வைத்து, நான் எதிர்ப்பக்கமிருந்து ஷட்டிலைக் கையால் எறிவேன். டாஸுக்குப் பத்து, டிராப்புக்குப் பத்து. எண்ணி மார்க் போட்டு, கூட்டி, முதல் அஞ்சு பேர் டீம். ரொம்ப நியாயமாகச் செய்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமை.

1994 ஜூலை. பத்தாம் வகுப்பில் ரெண்டு பிள்ளைகள். ஒருத்தி நல்ல உயரம். ஸ்மாஷ் அடித்தால் ஷட்டில் மண்ணில் குத்தி நிற்கும். ஸ்மாஷ் 9, உயரம் 9, பேக்ஹேண்ட் 3, மொத்தம் 79. டீமில் முதல் பெயர் அவளுடையது. இன்னொருத்தி, இந்தக் கேள்வி கேட்டவள். டாஸ் 7, டிராப் 6, நெட் 6, பேக்ஹேண்ட் 5, ஸ்மாஷ் 2, உயரம் 3. மொத்தம் 54. ஓரத்தில் என் கையெழுத்தில், 'கை வலு போதாது'. அவளிடமும் அதையே சொன்னேன். "கை வலு இல்ல மக்ளே, அடுத்த வருசம் பாப்போம்." தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த வருஷம் அவள் கேட்ட குரூப் எங்களிடம் இல்லை. ப்ளஸ் ஒன்னுக்கு வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

அந்த அடுத்த வருஷம், 1995 ஆடி மாசம், நாகர்கோவிலில் போட்டி. திறந்தவெளி மண் கோர்ட். ஆடிக் காற்றைப் பற்றி நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆளையே தள்ளும், நாகர்கோவிலிலும் குறைவில்லை. எங்கள் ஸ்மாஷ்காரிக்கு எதிரே வேறு பள்ளிச் சீருடையில் நிற்கிறாள் என் 54 மார்க்.

அப்போது பழைய ஸ்கோர் முறை. பெண்கள் ஒற்றையருக்கு 11 புள்ளி, சர்வீஸ் கையில் இருந்தால்தான் புள்ளி. முதல் கேம் எங்களுக்கு, 11-6. நான் சாயா குடிக்கப் போகலாமா என்று யோசித்தேன். ரெண்டாவது கேமில்தான் கவனித்தேன். காற்றுக்கு எதிரே நிற்கும்போது அந்தப் பிள்ளை முழு வீச்சில் டாஸ் அடிக்கிறாள், எவ்வளவு அடித்தாலும் காற்று பிடித்து உள்ளேயே போடுகிறது. அதுவும் எப்போதும் எங்கள் பிள்ளையின் இடது பின் மூலைக்கு. பக்கம் மாறி, காற்று முதுகுக்குப் பின்னால் வந்ததும் டாஸையே விட்டுவிட்டாள். எல்லாம் தாழ்வாக, டிரைவும் நெட்டும். ஷட்டில் உயரவே இல்லை. உயராத ஷட்டிலை எப்படி ஸ்மாஷ் அடிப்பது?

இடது பின் மூலைக்கு வந்ததை எங்கள் பிள்ளை பேக்ஹேண்டில் எடுக்க மாட்டாள், அங்கே அவளுக்கு 3 மார்க்தானே. சுற்றி ஓடிப் போய் ஃபோர்ஹேண்டில் அடிப்பாள். அடித்து முடிக்கும்போது கோர்ட்டுக்கு வெளியே நிற்பாள். அடுத்த ஷட்டில் வலது முன் மூலையில், வலையை ஒட்டி விழும். அரை கோர்ட்டின் நீளம் 6.70 மீட்டர், ஒற்றையர் அகலம் 5.18. மூலைக்கு மூலை எவ்வளவு? ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் பித்தகோரஸ் படித்தவர்கள் மனக்கணக்காகப் போடுங்கள். எட்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அவ்வளவு தூரம். 7-11, 3-11. மூன்றாவது கேமில் எங்கள் பிள்ளை இடுப்பில் கை வைத்து நின்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது திங்கள்சந்தை வரைக்கும் யாரும் பேசவில்லை. எனக்குள் ஒரே கணக்கு ஓடியது. பத்துக்கு 8ம் 2ம் வாங்கினாலும் மொத்தம் 10. 5ம் 5ம் வாங்கினாலும் மொத்தம் 10. நான் கூட்டலை மட்டும் பார்த்தேன். எதிரே நிற்கிறவள் கூட்டிப் பார்க்க மாட்டாள், சராசரியும் எடுக்க மாட்டாள். 2 எங்கே இருக்கிறது என்று தேடி அங்கேயே அடிப்பாள். பத்து வருஷம் கணக்கு நடத்தினவளுக்கு அது ஒரு மண் கோர்ட்டில்தான் உறைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. காற்றைப் படித்தாளே, எதிராளி எங்கே நிற்கிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தாளே, ஒவ்வொரு ஷாட்டுக்கும் பிறகு நடுவுக்கு வந்து நின்றாளே, அதற்கெல்லாம் என் நோட்டில் கட்டமே கிடையாது. நடுவில் நிற்க வைத்துக் கையால் எறிந்து பார்த்தால் அதெல்லாம் எப்படித் தெரியும்? நான் பார்த்தது கையை மட்டும். காலையும் கண்ணையும் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு அவளிடம் போய் "கொள்ளாம் மக்ளே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்மாஷ்காரிக்கும் நான் செய்தது சரியில்லை. அந்த ஷாட் புள்ளி வாங்கித் தருகிறது என்று ஒரு வருஷம் முழுக்க அதையே அடிக்க வைத்தேன். பேக்ஹேண்டைத் தொடவில்லை. தொட்டால் ரெண்டு மாசம் தோற்போம், கோப்பை போய்விடும் என்ற பயம். அடுத்த வருஷம் தோள் வலி என்று அவள் நின்றுவிட்டாள். அவள் இதைப் படிப்பாளா தெரியாது. படித்தால், மக்ளே, அது உன் தோளின் குற்றம் இல்லை.

இத்தனைக்கும் எனக்கு முன்னாலேயே ஒரு பாடம் இருந்தது. 1980 மார்ச்சில் நான் காலேஜ். பிரகாஷ் படுகோனே ஆல் இங்கிலாந்து ஜெயித்த செய்தி பேப்பரில் வந்தது. ஃபைனலில் எதிரே இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங். முந்தின ரெண்டு வருஷமும் கோப்பை அவர் கையில். எகிறி அடிக்கும் ஸ்மாஷுக்குப் பேர் போனவர். பிரகாஷ் அந்த வேகத்தோடு மோதவே இல்லை. மெதுவாக்கி, டாஸ், டிராப், நெட் என்று மாற்றி மாற்றி வைத்து, கிங்குக்குத் தாளமே பிடிபடாமல் செய்து 15-3, 15-10 என்று முடித்தார். பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆடக் கற்றவர். முகூர்த்த நாள் என்றால் பிராக்டீஸ் கிடையாது. அந்தப் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்தவள் நான். ஒட்டினதோடு சரி.

2024இல் பாரிஸ் பாராலிம்பிக் நடந்தபோது பேத்தியோடு உட்கார்ந்து டிவி பார்த்தேன். எஸ்யூ5 பிரிவு அரை இறுதியில் எதிரும் புதிரும் நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகள். காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன், திருவள்ளூர் மனிஷா ராமதாஸ். துளசிமதிக்கு இடது கையில் குறைபாடு, மனிஷாவுக்கு வலது கையில். துளசிமதி 23-21, 21-17 என்று ஜெயித்தார். செப்டம்பர் 2ஆம் தேதி ஃபைனலில் சீனாவின் யாங் சியூ ஷியாவிடம் தோற்று வெள்ளி, மனிஷாவுக்கு வெண்கலம். ஓசூர் நித்யஸ்ரீ சிவன், உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்எச்6 பிரிவில் வெண்கலம். துளசிமதிக்கு முதலில் ராக்கெட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது கூலி வேலை செய்த அப்பா. அந்த அப்பா கையில் நல்லவேளை என் நோட்டு இல்லை. இருந்திருந்தால் 'இடது கை' கட்டத்தில் பூஜ்யம் போட்டிருப்பார். நித்யஸ்ரீக்கு 'உயரம்' கட்டத்தில் நான் என்ன போட்டிருப்பேன் என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது. "ஏன் ஆச்சி கண்ணைத் தொடைக்கிய?" என்றாள் பேத்தி. தூசி என்றேன்.

அந்தப் பேத்திக்கே இந்த ஏப்ரலில் ஒரு பேப்பர் வந்தது. ஏழாம் வகுப்பு, 12 வயசு. ஒரு கோச்சிங் சென்டரில் செலக்‌ஷன். பத்து கட்டம், கட்டத்துக்கு 10. மொத்தம் 48. பேக்ஹேண்ட் 3. கீழே 'ஒற்றையருக்கு ஏற்றவர் அல்ல' என்று ஒரு வரி. பிள்ளை ராக்கெட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டாள். மகள் போனில், "அம்மா, நீங்கதான் பழைய ஆளு. இவளுக்கு வருமா வராதான்னு உள்ளத சொல்லிருங்க" என்கிறாள். எனக்கு அந்தப் பேப்பர்மேல் கோபம் வரவில்லை. என் கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

இந்த வயசில் எனக்கு ஓட முடியாது, எண்ண முடியும். லீவுக்கு இரணியலுக்கு வரச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையனோடு மூணு கேம் ஆடச் சொல்லி, முற்றத்து நடையில் ஒரு தாளோடு உட்கார்ந்தேன். மார்க் கிடையாது. தாளில் அவள் பக்கத்துக் கோர்ட்டை வரைந்து ஆறு கட்டம்: முன்னால் ரெண்டு, நடுவில் ரெண்டு, பின்னால் ரெண்டு. புள்ளி போகும்போதெல்லாம் ஷட்டில் எந்தக் கட்டத்தில் அவளை ஏமாற்றியதோ அங்கே ஒரு புள்ளி. பக்கத்தில் சின்னதாக, அதற்கு முந்தின ஷாட்டை அவள் எங்கிருந்து அடித்தாள் என்று. 21 புள்ளி ஆட்டத்தில் ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி உண்டு என்பதால் இந்தக் கணக்கு சுலபம்.

மொத்தம் 52 புள்ளி போயிருந்தது. இடது பின் மூலையில் மட்டும் 23. சரிதான், பேக்ஹேண்ட் 3 என்று அவர்கள் போட்டது பொய்யில்லை என்று நினைத்தேன். பிறகு முந்தின ஷாட்டைப் பார்த்தேன். அந்த 23இல் 17 தடவை, அதற்கு முன்னால் அவள் நெட்டில் நின்றிருக்கிறாள். நெட்டில் அழகாக ஒரு ஷாட் வைத்துவிட்டு, அது எப்படி விழுகிறது என்று அங்கேயே நின்று ரசிக்கிறாள்! பையன் பின்னால் தூக்கி விடுகிறான். இவள் ரெண்டு அடி தாமதமாக ஓடி, முதுகைக் காட்டி, எட்டாத ஷட்டிலைப் பேக்ஹேண்டில் தட்டுகிறாள். நோய் கையில் இல்லை, காலில். பேக்ஹேண்டை மட்டும் ஆயிரம் தடவை அடிக்க வைத்திருந்தாலும் இது தீராது.

அதனால் முதல் ரெண்டு வாரம் ஷட்டிலே கிடையாது. ஆறு மூலையிலும் ஒவ்வொரு சிரட்டை. நடுவில் நின்று, ஓடிப் போய் ஒரு சிரட்டையை எடுத்து, திரும்ப நடுவுக்கு வந்து வைத்து, அடுத்தது. பின்னால் போகும்போது முதுகைக் காட்டக் கூடாது. பக்கவாட்டில் கால் தள்ளிப் போக வேண்டும். நடுவில் வந்ததும் சின்னதாக ஒரு குதி, ரெண்டு காலும் விரிந்து. எதிராளி அடிக்கிற அதே நொடியில் அந்தக் குதி விழுந்தால் எந்தப் பக்கமும் கிளம்பலாம். ராத்திரி சீரியல் பார்க்கும்போது ராக்கெட் கையில் இருக்கும். விளம்பரம் வந்தால் விரலால் பிடியை உருட்டி ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், ஃபோர்ஹேண்ட். பேக்ஹேண்டில் கட்டைவிரல் பிடியின் அகலப் பக்கத்தில் படிய வேண்டும், இறுக்கம் அடிக்கிற கணத்தில் மட்டும். இதெல்லாம் எந்தப் பயிற்சியாளரும் சொல்வதுதான். வித்தியாசம், எது யாருக்கு எப்போது என்பதில்.

ஷார்ட் சர்வீஸுக்கு வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கயிறு கட்டி, இடையில் போகச் சொன்னேன். இருபதுக்கு 15 போட்டாள். அப்படியே ஆறு சிரட்டையையும் மூணு தடவை சுற்றி எடுத்துவிட்டு, மூச்சு வாங்க உடனே இருபது போடச் சொன்னேன். 8. "ஆச்சி, இது கணக்குல சேராது, நான் களைச்சுப் போனேன்" என்றாள். அதுதான் மக்ளே கணக்கில் சேரும் என்றேன். 17க்கு 17இல் நிற்கும்போது யார் களைக்காமல் இருப்பார்கள்? இப்போது களைத்த பிறகு 13 வருகிறது.

காலை ஆறு முதல் ஏழு வரைதான் எல்லாம். ஏழுக்கு மேலே காற்று தொடங்கிவிடும். நைலான் ஷட்டில்தான், இறகு ஷட்டில் கட்டுப்படியாகாது. ஆனால் வாரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே காற்றில் ஆட வைத்தேன், எதற்கு என்று பழைய கதை தெரிந்தவர்களுக்குப் புரியும். ஸ்மாஷுக்கு ஒரு நாளைக்கு 20தான், அதற்கு மேல் கேட்டால் ராக்கெட்டை வாங்கி வைத்துவிடுவேன். 12 வயசுத் தோள் அது.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு வார லீவில் வருகிறாள். ஆகஸ்டில் அதே பையனோடு மூணு கேம் எண்ணினேன். இடது பின் மூலையில் 23 இருந்தது 11 ஆயிற்று. வலது முன் மூலையில் 6 இருந்தது 13 ஆகிவிட்டது. பையன் விவரமானவன், கதவு சாத்தினதும் ஜன்னல் தேடியிருக்கிறான். செப்டம்பரில் ஒரு போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்று வந்தாள், 18-21, 19-21. வண்டியில் ஏறினதும் என் கையிலிருந்து தாளைப் பிடுங்கி, எந்தக் கட்டத்தில் எத்தனை என்று அவளே எண்ணத் தொடங்கினாள். ராக்கெட் கட்டிலுக்கு அடியில் போகவில்லை. அவளுக்கு வருமா வராதா என்று மகள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. 12 வயசில் அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இனி உனக்கு. 110க்கு 54 மக்ளே. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இன்பாக்ஸில் அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள். 'கை வலு போதாது' என்பதை நான் அடிக்கவில்லை. எழுதினது எழுதினபடி இருக்கட்டும். அன்றைக்கு நாகர்கோவிலில் நீ என்னைப் பார்த்தபோது நான் பார்த்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறாய் என்று சொன்னாய். பேத்தி உன்னோடு ஒரு கேம் ஆட வேண்டுமாம். நீ காற்றில் டாஸ் அடித்த கதையைச் சொன்னதிலிருந்து பிடிவாதமாக இருக்கிறாள். காலை ஆறு மணிக்கே வந்துவிடு, நேரம் கழித்து வந்தால் காற்று. இல்லை, நீ கழித்தே வா.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
இரணியல்